வண்ண உருண்டையின் தோலும் அதன் பறப்பும்: பெயின்ற்போல் பற்றிப் பெற்றோர் அறியவேண்டியவை

புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளுக்கு வரும் பிறந்தநாள் அழைப்புகளில் இப்போது பெயின்ற்போல் மைதானங்களின் பெயர்களும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. பாடசாலைத் தோழன் ஒருவனின் பிறந்தநாள், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் ஒன்றுகூடல், வேலைத்தளச் சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்தால் இந்த விளையாட்டு எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை சிறியவராக இருந்தால் சம்மதப் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

அப்படிக் கையெழுத்திடுபவர்களிற் பலர் துப்பாக்கிச் சத்தத்திற்கு நடுவே ஊரை விட்டு வெளிக்கிட்டவர்கள். பற்றைக்குள் துப்பாக்கியுடன் பதுங்கி நிற்கும் தமது பிள்ளையின் படத்தைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும்போது அவர்களின் மனம் ஒரு கணம் திடுக்கிடுவது இயல்பே. விடுவதா, மறுப்பதா என்பது ஒவ்வொரு குடும்பமும் தானே எடுக்கவேண்டிய முடிவு. அதில் நாம் தலையிடப் போவதில்லை. விடுவது என்று முடிவெடுத்தவர்கள், இந்த விளையாட்டில் உண்மையில் எது பிள்ளையின் உடலிற் படுகிறது, அது எப்படிப் பறக்கிறது, எப்போது நோகச் செய்கிறது என்பதைத் தெரிந்திருப்பது நல்லது என்பதே எமது எண்ணம்.

பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றியே பேசுவார்கள். எந்த நிறுவனத்தின் துப்பாக்கி, எவ்வளவு நீளமான குழல், செக்கனுக்கு எத்தனை வெடி என்பதே அவர்களின் கணக்கு. ஆனால் உருண்டை நேராகப் போகுமா, குழலுக்குள்ளேயே உடைந்துவிடுமா, உடலிற் பட்டு உடையுமா, உடையாமல் தெறித்துத் தழும்பு வைக்குமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை பெருமளவில் அந்த உருண்டையின் தோலில் இருக்கிறது. இதனை 'வண்ணக் குண்டு' என்றும் எழுதலாம். ஆனால் குண்டு என்ற சொல்லுக்கு எம்மிடையே வேறு பாரம் உண்டு. ஆகவே இக்கட்டுரையில் உருண்டை என்றே குறிப்பிடுகிறோம்.

மரத்தில் அடையாளமிடப் பிறந்த கருவி

இந்த உருண்டைகள் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் வனத்துறையினர் வெட்டவேண்டிய மரங்களைத் தூரத்திலிருந்தே அடையாளமிடவும், பண்ணையாளர்கள் மாடுகளைக் குறியிடவும் நெல்சன் பெயின்ற் நிறுவனம் இவற்றை விற்றுவந்தது. அதற்காக டெய்சி நிறுவனம் செய்து கொடுத்த 'நெல்ஸ்பொட் 007' என்ற கைத்துப்பாக்கியே முதல் விளையாட்டிலும் பயன்பட்டது.

1981ஆம் ஆண்டு யூன் 27ஆம் திகதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊர்க் காட்டில் 12 பேர் முதன்முதலாக இவ்விளையாட்டை ஆடினார்கள். காட்டில் மறைத்து வைத்த கொடிகளைப் பிறரிடம் சுடுபடாமல் சேகரித்து வரவேண்டும் என்பதே போட்டி. அதில் வென்றவர் ரிச்சி வைற் என்ற வனத்துறை அறிந்த மனிதர். அவர் ஒருமுறைகூடச் சுடாமலே வென்றார் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

அந்நாளைய உருண்டைகளுக்குள் எண்ணெய் வண்ணம் இருந்தது. உடையிலிருந்து அதைப் போக்க டெர்பன்ரைன் தேவைப்பட்டது. பின்னர் தண்ணீரிற் கழுவக்கூடிய வண்ணம் வந்த பிறகுதான் இது குடும்பங்கள் பணம் கொடுத்து ஆடும் விளையாட்டாகப் பரவியது.

உள்ளே என்ன, வெளியே என்ன

மீனெண்ணெய்க் குளிசையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய, மினுங்கும், அழுத்தினால் நெளியும் தோல், உள்ளே திரவம். பெயின்ற்போல் உருண்டையும் அதே தொழில்நுட்பத்தின் பிள்ளைதான். 1930களில் ரொபேர்ட் ஷெரர் என்ற அமெரிக்கர் மருந்துக் குளிசைகளுக்காக உருவாக்கிய சுழல் அச்சு இயந்திரமே இதற்கும் அடிப்படை. ஜெலற்றின் நாடாக்கள் இரண்டு இருபுறமிருந்தும் வந்து, அரைக்கோளக் குழிகள் கொண்ட இரு உருளைகளுக்கு நடுவே சந்திக்கின்றன. அந்தக் கணத்தில் நடுவே திரவம் செலுத்தப்படுகிறது. சூட்டாலும் அழுத்தத்தாலும் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒவ்வொரு உருண்டையையும் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக் கோடு ஓடுகிறது.

வழக்கமான உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது 17.3 மில்லிமீற்றர். எடை ஏறத்தாழ 3 கிராம். சிறுவர்களுக்கென 0.50 அங்குல உருண்டைகளும் உண்டு. தோல் ஜெலற்றினாலும், அதை நெகிழவைக்கும் கிளிசரின் போன்ற பொருட்களாலும் ஆனது. உள்ளே இருப்பது நாம் சுவருக்குப் பூசும் வண்ணம் அல்ல. பெரும்பாலும் பொலியெதிலீன் கிளைகோல் என்ற கெட்டியான திரவமும் சாயமும்தான். வெறும் தண்ணீரை உள்ளே அடைக்க முடியாது, ஏனென்றால் அது தோலைக் கரைத்துவிடும்.

இங்கே சில குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஜெலற்றின் பன்றி அல்லது மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. முகக்கவசத்திற் பட்டு உடையும்போது சில துளிகள் வாயில் தெறிக்கலாம். இதனை முக்கியமாகக் கருதும் வீட்டார் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காற்று எப்படித் தடுக்கிறது

பல மைதானங்களில் உருண்டையின் வேகம் செக்கனுக்கு 300 அடிக்கு மேற்படக் கூடாது என்பதே எல்லை. அது ஏறத்தாழ 91 மீற்றர். பல இடங்களில் 280 அடிக்கும் குறைவாக வைத்திருப்பார்கள். உள்ளரங்குகளில் அதிலும் குறைவு. ஜேர்மனியில் சட்டம் இன்னும் இறுக்கமானது. அங்கே இந்தத் துப்பாக்கிகளின் வலு 7.5 யூலுக்கு மேற்படக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அவற்றைக் கையாள முடியாது.

செக்கனுக்கு 90 மீற்றர் என்பது பெரிய வேகம். ஆனால் உருண்டை மிகவும் இலேசானது. கணக்குப் போட்டுப் பார்த்தால், குழலை விட்டு வெளிவரும் கணத்தில் காற்று அதைப் பின்னிழுக்கும் விசை அதன் சொந்த எடையைப்போல ஏறத்தாழ 18 மடங்கு. அதனால் 10 மீற்றர் போவதற்குள் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கும், 30 மீற்றர் போகையில் ஏறக்குறையப் பாதியும் போய்விடுகிறது. அந்த 30 மீற்றரைக் கடக்க அரைச் செக்கன் அளவில் ஆகும். அதற்குள் உருண்டை சுமார் ஒரு மீற்றர் கீழே விழுந்துவிடும். இந்த விளையாட்டின் ஆட்டக்காரர்கள் தூரத்தில் உள்ளவரைச் சுட மேல்நோக்கிக் குறிவைப்பது இதனாற்தான்.

இதில் தெரியவேண்டிய இன்னொன்று, குறைபாடே இல்லாத உருண்டையும் முற்றிலும் நேராகப் போவதில்லை என்பது. சுழலாமற் பறக்கும் வழவழப்பான பந்தின் பின்னால் காற்றுச் சுழிகள் ஒழுங்கின்றிக் கழன்றுகொண்டே இருக்கும். அவை பந்தை ஒருமுறை அந்தப் பக்கமும் மறுமுறை இந்தப் பக்கமும் தள்ளும். உதைபந்தாட்டத்தில் சுழலாமல் உதைத்த பந்து கோல்காப்பாளரை ஏமாற்றித் தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணந்தான் இங்கும். ஆகவே தோலிற் குறைபாடு சேரும்போது, ஏற்கெனவே இருக்கும் தள்ளாட்டம் கூடுகிறது.

கோல்ஃப் பந்தின் குழிகள் பற்றிய நம்பிக்கை

மைதானங்களில் இளையோர் சொல்லும் ஒரு கதை உண்டு. "கோல்ஃப் பந்திலும் குழிதானே இருக்கு, அது தூரம் போகுதுதானே, அப்ப நெளிஞ்ச உருண்டையும் நல்லாத்தான் போகும்" என்பார்கள். இது பாதி உண்மை. மற்றப் பாதிதான் பிரச்சினை.

19ஆம் நூற்றாண்டில் கோல்ஃப் பந்துகள் வழவழப்பாகவே இருந்தன. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். 1905இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ரெய்லர் வட்டக் குழிகள் கொண்ட பந்துக்குக் காப்புரிமை எடுத்தார். பந்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படையை அந்தக் குழிகள் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படை பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது. பின்னால் உருவாகும் வெற்றிடம் போன்ற பகுதி சிறுக்கிறது. காற்றுத்தடை ஏறத்தாழப் பாதியாகிறது.

இந்த மாற்றம் எப்போது நிகழும் என்பதை விஞ்ஞானிகள் ரெனோல்ட்ஸ் எண் என்ற அளவால் சொல்வார்கள். பந்தின் பருமனும் வேகமும் கூடக்கூட அந்த எண் கூடும். முற்றிலும் வழவழப்பான பந்தில் இந்த மாற்றம் ஏறத்தாழ 3 இலட்சத்தில் நிகழ்கிறது. குழி கொண்ட கோல்ஃப் பந்தில் அது ஒரு இலட்சத்துக்கும் கீழேயே நிகழ்ந்துவிடுகிறது. பெயின்ற்போல் உருண்டை குழலை விட்டு வரும்போது அதன் எண் ஏறத்தாழ ஒரு இலட்சம். அதாவது வழவழப்பான உருண்டைக்கு அந்தச் சலுகை கிடைப்பதேயில்லை. பறக்கும் முழு நேரமும் அது கூடிய காற்றுத்தடையுடனேயே போகிறது.

அப்படியானால் குழி நல்லதுதானே என்று கேட்கலாம். கோல்ஃப் பந்தின் குழிகள் நூற்றுக்கணக்கானவை. ஒரே அளவு, ஒரே ஆழம், பந்து முழுவதும் ஒரே ஒழுங்கு. அதோடு பந்து அடியின் வேகத்தாற் பின்நோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது. பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாதக்கணக்கில் கிடந்த உருண்டையில் விழும் பள்ளமோ ஒன்று அல்லது இரண்டு. அதுவும் ஒரு பக்கத்தில்.

கிரிக்கெற் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பக்கம் மட்டும் மாறுபட்டால் என்ன ஆகும் என்பதை எமது வீடுகளிற் பலருக்கு விளக்கத் தேவையில்லை. வேகப்பந்து வீச்சாளர் ஏன் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் காற்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்? இரு பக்கத்திலும் காற்று வெவ்வேறு இடங்களில் பந்தை விட்டு விலகவேண்டும் என்பதற்காகவே. அப்போது பந்து காற்றிலேயே வளைகிறது. அவர் தையலைத் தான் விரும்பிய திசையில் பிடித்து வீசுகிறார், அதனால் வளைவும் அவர் விரும்பிய பக்கமே வருகிறது.

ஒரு பக்கம் நெளிந்த உருண்டையும் அவ்வாறே வளைகிறது. ஆனால் அது குழலுக்குள் எந்தப் பக்கமாக விழும் என்பது சுடுபவர் கையில் இல்லை. ஒன்று இடப்பக்கம் போகும், அடுத்தது வலப்பக்கம் போகும், மூன்றாவது நிலத்தைத் தோண்டும். கிரிக்கெற் பந்து 160 கிராம் அளவில் இருக்கையில் இது 3 கிராம் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிறு விசையே இதைப் பாதை மாற்றப் போதும். தடித்த பொருத்துக் கோடும், மேலே ஒட்டிய வண்ணத் துளியும், விரலீரத்தில் பதிந்த தடமும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

துப்பாக்கிக் குழலில் திருகு வரி இட்டால் சரியாகிவிடாதா என்று சில பிள்ளைகள் கேட்பதுண்டு. நீண்ட சன்னத்தைச் சுழற்றினால் அதன் மூக்கு முன்னோக்கியே நிற்கும். உருண்டைக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. உள்ளே இருக்கும் திரவமும் தோலோடு சேர்ந்து உடனே சுழல்வதில்லை. ஆகவே அதனால் எதிர்பார்த்த பயன் கிடைப்பதில்லை.

பின்நோக்கிய சுழற்சி மட்டும் வேறு. திப்மன் நிறுவனத்தின் 'ஃபிளற்லைன்' போன்ற வளைந்த குழல்கள் உருண்டையைக் குழலின் மேற்பரப்பில் உருளவைத்துப் பின்நோக்கிச் சுழற்றுகின்றன. சுழலும் உருண்டையைக் காற்று சற்றே தாங்குவதால் அது கூடத் தூரம் தட்டையாகப் போகிறது. இங்கும் தோல்தான் தீர்மானிக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள உருண்டை உருளாமல் வழுக்கினால் சுழற்சி குறைந்துவிடும்.

குழலும் தோலும் பொருந்துதல்

உருண்டையைத் தள்ளுவது அழுத்திய காற்று. உருண்டைக்கும் குழலுக்கும் இடையில் இடைவெளி கூடினால் காற்று பக்கத்தால் நழுவி, ஒவ்வொரு வெடியின் வேகமும் மாறிமாறி வரும். இடைவெளியே இல்லாவிட்டால் தோல் உராய்ந்து குழலுக்குள்ளேயே உடையும். நெளிந்த உருண்டையில் இரண்டும் ஒருங்கே நடக்கலாம். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் காற்று நழுவும்.

இதைப் பார்க்க எளிய முறை ஒன்று உண்டு. குழலைத் துப்பாக்கியிலிருந்து முழுதாகக் கழற்றிக் கையில் எடுத்த பின்னரே இதைச் செய்யவேண்டும். உருண்டையைக் குழலின் பின்வாயில் வையுங்கள். தானாக உருண்டு மறுபக்கம் விழுந்தால் குழல் பெரிது. நின்று, மெதுவாக ஊதியதும் வெளியே வந்தால் பொருத்தம் சரி. பலமாக ஊதியும் அசையாவிட்டால் இறுக்கம். ஒரே துப்பாக்கிக்கு இன்று பொருந்திய உருண்டை நாளை மழை நாளில் வீங்கிப் பொருந்தாமற் போவதும் உண்டு.

குழலுக்குள் ஒரு உருண்டை உடைந்துவிட்டால் அதன் பின் வருபவை எல்லாம் அந்த ஈரத்தில் வழுக்கி, ஒரு பக்கம் வண்ணம் ஒட்டிய நிலையிலேயே வெளியேறும். அவை வளைந்து போவதைக் கண்ணாலேயே காணலாம். குழலைத் துடைத்து உலரவைக்கும்வரை எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியாலும் பயனில்லை.

உடைவதும் தெறிப்பதும்

பெற்றோர் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது இப்பகுதியையே. உருண்டைக்கு முரண்பட்ட இரண்டு கடமைகள் உண்டு. குழலுக்குள் பெரும் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். உடலிற் பட்டதும் உடையவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறிய இடத்திற்தான் நல்ல தோல் இருக்கிறது.

உடைந்தால், உருண்டையின் சக்தியில் ஒரு பங்கு தோலைக் கிழிப்பதிலும் திரவத்தைச் சிதறடிப்பதிலும் போய்விடுகிறது. அடியும் கூடிய பரப்பில் பரவுகிறது. உடையாமல் தெறித்துத் திரும்பினால், முன்னே வந்த வேகத்தை நிறுத்துவதோடு எதிர்த்திசையிலும் அதைத் தள்ளவேண்டிய பாரம் உடலின் ஒரு சிறு புள்ளியில் விழுகிறது. நீல நிறத்தில் வட்டமாக வீங்கிய தழும்புடன் பிள்ளை வீடு வந்தால், அது உடையாமல் தெறித்த உருண்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆட்ட விதியிலும் தெறித்தது கணக்கில் வராது. நொந்ததுதான் மிச்சம்.

ஏன் உடையாமற் போகிறது? ஜெலற்றின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த தோல் இறப்பரைப்போல மெதுமையாகி வீங்கும், ஒன்றோடொன்று ஒட்டும், உடலிற் பட்டுத் துள்ளும். வறண்ட காற்றிலும் குளிரிலும் நேர்மாறு. தோல் சுருங்கி நொறுங்கும் தன்மை பெற்றுக் குழலுக்குள்ளேயே உடையும். கனடாவிலும் நோர்வேயிலும் மாரிகாலத்தில் இரவு முழுவதும் காரின் பின்பெட்டியில் விட்ட உருண்டைகளுக்கு இதுதான் நேர்கிறது. விளையாட்டாகக்கூட அவற்றை உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

வீட்டில் வைத்திருப்பதானால்

மைதானத்திலேயே வாங்கி அன்றே முடிப்பதுதான் சிறந்தது. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்தால், பையை இறுக மூடி, சாதாரண அறை வெப்பநிலையில், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். நிலக்கீழ் அறையில் ஈரம் ஊறும் வீடாக இருந்தால் அங்கே வேண்டாம். சில நாட்களுக்கு ஒருமுறை பையைப் புரட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் அடியில் உள்ளவை மேலுள்ளவற்றின் பாரத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். ஈரக் கையால் அள்ளக் கூடாது.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வைப்பது மிக அவசியம். இனிப்பான சுவையால் நாய்கள் இவற்றை விழுங்கிவிடுகின்றன. உள்ளே இருக்கும் கிளைகோலும் கிளிசரினும் குடலுக்குள் நீரை இழுத்து, நாயின் இரத்தத்தில் உப்பின் அளவை ஆபத்தான மட்டத்துக்கு உயர்த்தலாம். விழுங்கியது தெரிந்தால் காத்திராமல் மிருக வைத்தியரை அழையுங்கள்.

மைதானத்தில் ஐந்து நிமிடம்

பிள்ளையை இறக்கிவிட்டு உடனே திரும்பாமல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பத்து உருண்டைகளை உலர்ந்த உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவா? விரலுக்குப் பள்ளமோ மேடோ தட்டுப்படுகிறதா? பொருத்துக் கோடு தடித்துத் தெரிகிறதா? ஒட்டுகிறதா? ஒன்றைத் தலை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழவிடுங்கள். ஓரிரு முறை துள்ளி உடைந்தால் நல்லது. எத்தனை முறை விட்டாலும் இறப்பர்ப் பந்தாகத் துள்ளினால், வேறு பை தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆட்டம் தொடங்குமுன் துப்பாக்கிகளின் வேகத்தைக் கருவியால் அளக்கிறார்களா என்று கேளுங்கள். உருண்டையின் பருமன் மாறினால் வேகமும் மாறும். ஆகவே உருண்டையை மாற்றிய பின் மீண்டும் அளக்கவேண்டும். ஆட்டத்திற்கு வெளியே துப்பாக்கிகளின் குழல்வாய் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக முகக்கவசம். இவ்விளையாட்டில் கண் பறிபோன நிகழ்வுகள் பெரும்பாலும் கவசம் அணியாத வேளையில் நேர்ந்தவை. கண்ணாடியில் ஆவி படிந்தாலும், வியர்த்தாலும், வண்ணம் பட்டு மறைத்தாலும், மைதானத்திற்குள் நிற்கும்வரை கழற்றக் கூடாது. கையை உயர்த்தி நடுவரை அழைத்து, அவர் காட்டும் பாதுகாப்பான இடத்திற்குப் போன பின்னரே கழற்றவேண்டும். இந்த ஒன்றைப் பிள்ளையிடம் காருக்குள் வைத்தே சொல்லிவிடுங்கள். இறங்கியதும் தோழர்களின் சத்தத்தில் வேறெதுவும் அவர்களின் காதில் ஏறாது.